சூடான தோசை நாலு பேருக்கு

தனியா போனா கிடைக்காத சாப்பாடு ஒண்ணு உண்டு மக்களே. கொரியாவுல 'சம்க்யொப்சல்'னு சொல்ற பன்றிக்கறி. 'சம்'னா மூணு, 'க்யொப்'னா அடுக்கு, 'சல்'னா கறி. கறியும் கொழுப்பும் மாறி மாறி அடுக்கா இருக்குற வயித்துப் பகுதி. (சைவ அன்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்குங்க, கடைசியில தோசை வருது :-))

நான் அடிக்கடி போறது சியோல்ல சின்சோன் பகுதிக்கு. யோன்சே, இஹ்வா, சோகாங்னு மூணு பல்கலைக்கழகங்கள் பக்கத்து பக்கத்துல. சாயங்காலம் ஆனா சந்து பூரா கறிப்புகை. ஆனா பல கடைகள்ல குறைஞ்சது ரெண்டு பங்கு வாங்கினாத்தான் அடுப்பு பத்த வைப்பாங்க. வந்த புதுசுல வாசல் வரைக்கும் போயிட்டு, பக்கத்து கடையில ரெண்டு கிம்பாப் வாங்கிட்டு ரூமுக்குத் திரும்பின நாட்கள் நிறைய. ஒரு வழியா லேப் பசங்க கூட்டிட்டுப் போனாங்க.

மேசை நடுவுல அடுப்பு, தலைக்கு மேல புகைபோக்கி. உட்கார்ற முக்காலியோட மூடியைத் திறந்தா உள்ள கோட்டைப் போட்டு வைக்கலாம் (இல்லேன்னா ரெண்டு நாளைக்கு கோட்டே கறி வாசம் அடிக்கும்). பரிமாறுற அம்மாவை 'இமோ'ன்னு கூப்பிடுறாங்க. அம்மாவோட கூடப்பிறந்தவங்கன்னு அர்த்தம். நம்ம சித்தி, பெரியம்மா! கிம்ச்சி தீர்ந்தா சித்தி காசில்லாம இன்னொரு தட்டு வைப்பாங்க.

ஒரு கையில இடுக்கி, இன்னொரு கையில கத்திரிக்கோல். கறியைத் திருப்பித் திருப்பி வெட்டிப் போடுறது பெரும்பாலும் கூட்டத்துல சின்னப் பையன். அன்னிக்கு அவனையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். இவன் எப்போ சாப்பிடுவான்?

எதிர்ல இருந்த பொண்ணு கீரை இலையை உள்ளங்கையில விரிச்சா. ஒரு துண்டு கறி, ஒரு பூண்டு, கொஞ்சம் சம்ஜங் விழுது. சுருட்டி நேரா அவன் வாயில திணிச்சா. இதுக்கு 'ஸ்ஸம்'னு பேரு. அடுத்தது இன்னொருத்தன் ஊட்டினான். இடுக்கி பிடிச்சவன் வாயைத் திறந்தா மட்டும் போதும்.

எனக்கு அதுக்கப்புறம் கறி இறங்கலை. எங்க வீட்டுல அஞ்சு பேரு. சூடா தோசை சாப்பிடுறது நாலு பேரு. "இன்னும் ஒண்ணு போடட்டுமா"ன்னு சமையக்கட்டுலேர்ந்து ஒரு குரல் மட்டும் வரும். நாங்க கை கழுவின பிறகு, அடிமாவுல ஊத்தின ரெண்டு தோசையோட அம்மா தனியா உட்காருவாங்க. தட்டுல சட்னி இருந்தா அதிர்ஷ்டம். முப்பது வருஷமா இதுதான் நடக்குது. கொரியாக்காரன் பெருசா ஒண்ணும் பண்ணிடலை சாமி, அடுப்பைத் தூக்கி எல்லாரும் உட்கார்ற இடத்துல வச்சிட்டான். அவ்ளோதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். இண்டக்‌ஷன் அடுப்பும் தோசைக்கல்லும் கூடத்துக்கு வரப்போகுது. "தரையெல்லாம் எண்ணெய் ஆகும்டா"ன்னு அம்மா கத்துவாங்க. கத்தட்டும். திறந்த வாய்க்கு முதல் விள்ளல் ரெடி.

உங்க வீட்டுல கடைசித் தோசை யாருக்குங்க?