எண்ணாமல் வெட்டிய காயில்

அப்பா உயிரோடு இருந்தபோது எடுத்த 38 வீடியோக்களின் மூலப் பதிவுகளை நான் அழித்தேன். கைதவறிப் போனவை இல்லை. ஒவ்வொன்றையும் பார்த்து, தேர்ந்தெடுத்து, அழித்தேன். அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

அப்பா கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், கிரைண்டர் மோட்டார் எல்லாம் வரும். பட்டறையை மூடப்போகிறேன் என்று 2019-இல் அவர் சொன்னதும், அக்கா நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து தன் ஐபோனில் படம் பிடித்தாள். ஸ்லாட்டில் இன்சுலேஷன் பேப்பர் மடித்து வைப்பது, எனாமல் கம்பியை விரலால் நீவி இறக்குவது, மேலே மூங்கில் சிம்பு செருகுவது, கடைசியில் வார்னிஷ் ஊற்றுவது என்று கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருந்தது. எல்லாம் 4கே. 2021-இல் அப்பா போய்விட்டார்.

அக்காவின் போனில் இடம் போதவில்லை. எல்லாவற்றையும் எனக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டு, “தம்பி சர்வர்ல பத்திரமா வெச்சுக்குவான்” என்று தன் போனிலிருந்து எடுத்துவிட்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான். அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

சர்வர் என்று நான் சொல்லிக்கொண்டது 2012-இல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர். ஐ3 பிராசஸர், இரண்டு டெராபைட் டிஸ்க், அதில் வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள். டிவியில் உள்ள செயலி கேட்கும், சர்வர் அனுப்பும். அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கேற்றிவிட்டு அப்பாவின் படத்தைப் போடச் சொல்வார். நாலு விநாடி ஓடும், நிற்கும், வட்டம் சுற்றும்.

“ஏங்கண்ணு, அப்பா மறுபடியும் நின்னுட்டாரு பாரு.”

முதல் வாரம் அம்மாவைத்தான் குறை சொன்னேன். ரிமோட்டில் எதையோ அழுத்திவிடுகிறீர்கள் என்று குரலை உயர்த்திப் பேசினேன். அப்புறம் டிவி விற்றவரிடம் போனில் சண்டை போட்டேன். அப்புறம் புது ரவுட்டர் வாங்கி, டிவி வரைக்கும் கேபிளும் இழுத்தேன். வட்டம் நிற்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன்: படங்கள் ஹெச்இவிசி வடிவத்தில் இருக்கின்றன, இந்த டிவிக்கு அது புரியவில்லை. அந்த வடிவத்தின் பெயரைப் படித்திருந்தேன், அவ்வளவுதான். டிவிக்கு அது தெரியுமா தெரியாதா என்று சோதிக்கவில்லை. ஒரு வீடியோவைப் பென்டிரைவில் போட்டு டிவியின் பின்னால் செருகிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நடந்தது என்ன என்பதை இப்போது சொல்லத் தெரிகிறது. டிவிக்குப் புரிகிற கோப்பு என்றால் சர்வருக்கு வேலையே இல்லை. டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். படத்தை விரித்துக் காட்டுவது டிவியில் உள்ள சிப்பின் வேலை. இதுதான் டைரக்ட் பிளே. உள்ளே இருக்கும் படமும் ஒலியும் சரி, கோப்பின் வெளிக்கூடு மட்டும் டிவிக்கு ஒத்துவரவில்லை என்றால், சர்வர் கூட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கும். மோட்டாரின் பாடியை மாற்றுகிற மாதிரி, காயிலில் கை வைப்பதில்லை. மூன்றாவதுதான் டிரான்ஸ்கோடிங். அங்கே ஒவ்வொரு பிரேமையும் பிரித்து, சுருக்கி, வேறு வடிவத்தில் மறுபடி கட்ட வேண்டும், அதுவும் படம் ஓடுகிற வேகத்திலேயே. ஹெச்இவிசி தரநிலையாக வந்தது 2013-இல். என் பிராசஸர் அதற்கு முந்தியது. அந்த வடிவத்தைப் பிரிக்கிற தனிச் சுற்று அதில் இல்லை. 4கேயின் ஒரு பிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், விநாடிக்கு 30 பிரேம். அத்தனையையும் பொதுக் கணக்காகப் போட்டு அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

டிவிக்கு ஹெச்இவிசி தெரியும். கூடு மாற்றிக் கொடுத்திருந்தாலே போதும். அப்படியானால் சர்வர் ஏன் காயிலையே பிரித்துக் கட்டியது? நான் சொன்னதால். பல மாதம் முன்னால் வைஃபை சரியாகக் கிடைக்காத ஒரு நாளில், செயலியின் அமைப்பில் உச்ச வேகத்தை 4 எம்பிபிஎஸ் என்று குறைத்து வைத்தவன் நான். அக்காவின் வீடியோக்கள் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, அதாவது 23 எம்பிபிஎஸ். 4-க்கு மேல் அனுப்பாதே என்று கட்டளை இருக்கும்போது சர்வர் வேறு என்ன செய்யும்? கேபிள் இழுத்த பிறகும் அந்த எண்ணை நான் மாற்றவில்லை. நினைவே இல்லை. புதுக் கேபிளில் 23 என்பது ஒரு பொருட்டே இல்லை.

இதில் என்னை அதிகம் வதைப்பது ஒன்று உண்டு. காரணம் எழுத்திலேயே இருந்தது. ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில், ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேல் ஏன் டிரான்ஸ்கோட் ஆகிறது என்று ஒரு வரி வரும். டிவிக்கு ஒலி வடிவம் தெரியாவிட்டால் அதைச் சொல்லும். புளூரே படங்களின் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருந்து, அதைக் காட்சியின் மேல் ஒட்ட வேண்டியிருந்தால் அதையும் சொல்லும். அன்றைக்கு, வேக வரம்பை மீறுகிறது என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் தினமும் திறந்தேன். பிராசஸர் நூறு சதவீதத்தில் நிற்பதைப் பார்த்துக் கவலைப்பட்டேன். அந்த வரியைப் படிக்கவில்லை.

எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஒரு கட்டளை எழுதி 38 வீடியோவையும் ஹெச்.264 வடிவத்துக்கு மாற்றினேன். சீக்கிரம் முடியட்டும் என்று 720பி, 1.5 எம்பிபிஎஸ். இரண்டு ராத்திரி ஓடியது. 20 ஜிபி ஒன்றரை ஜிபி ஆனது. படம் தடங்காமல் ஓடியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், பட்டியலில் ஒவ்வொரு வீடியோவும் இரண்டு இரண்டாகத் தெரிவது அசிங்கமாக இருக்கிறதே என்று பழையதை எல்லாம் அழித்தேன். டிஸ்க்கில் பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தது. வேறு பிரதி எங்கும் இல்லை.

எட்டாவது வீடியோவில் அப்பா எரிந்துபோன ஒரு மோட்டாரைப் பிரிக்கிறார். காயிலை வெட்டுவதற்கு முன் சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜைப் பார்த்து, எது எதோடு சேர்கிறது என்று நோட்டில் வரைந்துகொள்கிறார். வெட்டிய பிறகு அந்த மோட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் மிஞ்சாது என்று அக்காவிடம் சொல்கிறார். இந்த வீடியோவை மாற்றும்போது நான் சோதனைக்காகப் பார்த்தேன். குரல் சரியாக வருகிறதா என்று மட்டும் கேட்டேன்.

720பி என்றால் புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்கு. முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. அவர் விரலுக்கு இடையில் இறங்கும் கம்பிகள் தெரியவில்லை. முப்பது நாற்பது இழை சேர்ந்து செம்பு நிறத்தில் ஒரே தீற்றலாக நிற்கிறது, கை அசைந்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. அக்கா அந்தக் கைகளைப் படம் பிடிக்கத்தான் போனாள்.

வேக வரம்பை நான் கண்டுபிடித்தது ஒரு சினிமா தடங்கியபோது. எண்ணை மாற்றியதும் அதே டிவியில் ஒரு 4கே ஹெச்இவிசி படம் சொட்டுத் தடங்கலில்லாமல் ஓடியது, சர்வர் சும்மா இருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. டிஸ்க்கிலிருந்து மீட்க முயன்றேன். அதற்குள் அதன் மேல் வேறு என்னென்னவோ எழுதியிருந்தேன். எதுவும் கிடைக்கவில்லை. அக்கா கேட்டபோதெல்லாம், “எல்லாம் பத்திரமா இருக்குக்கா” என்றேன். ஏழு மாதம் அதையே சொன்னேன்.

சொன்ன அன்று அக்கா திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு போனை வைத்தாள். மூன்று நாள் கழித்து அவளுடைய பழைய லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு வீடியோ வந்தது. 41 விநாடி. எப்போதோ சோதனைக்கு ஏற்றியது அங்கேயே கிடந்திருக்கிறது.

போன மாதம் அம்மாவுக்கு அதைப் போட்டேன். அப்பா கம்பியை இறக்குகிறார். ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரிகிறது. இடது கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா எழுந்து போய் டிவியின் மேல் அந்த இடத்தைத் தொட்டார்.

“இது கல்யாணத்துக்கு முந்தியே பட்டது கண்ணு. மத்ததுலயும் இப்படித் தெரியுமா?”

தெரியாது என்றேன். ஏன் என்று கேட்டார். டிவியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.