ஆற்றுவதற்கு இரண்டடி

ஜூன் 8, ஞாயிறு

அடுப்படிச் சுவரோரம் காப்பிக்கென்றே ஒரு மர அலமாரி போடுவதென்று முடிவாகிவிட்டது. படங்களில் வருபவை எல்லாம் மெஷினுக்காகச் செய்தவை: நடுவில் மெஷின், தலைக்கு மேலே ஒரு தட்டு, அதன் அடியில் கொக்கியில் தொங்கும் கோப்பைகள். இங்கே எல்லாம் அம்மாவின் கைவேலை. அதனால் டேப்பை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்பவும் போல ஆத்தும்மா, நான் அளந்துக்கறேன்."

"காப்பி ஆத்துறதுக்குமாடா அளவு?"

டவரா இடுப்பருகே நிற்க, டம்ளர் நெற்றி வரை ஏறி இறங்கியது. நடுவே இரண்டடிக்குக் குறையாது. படத்தில் உள்ளபடி மேடைக்கு மேல் 15 அங்குலத்தில் தட்டு அடித்தால் முதல் நாளே முழங்கை இடிக்கும். ஆகவே தட்டு இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் மேலே ஒன்றும் கிடையாது. உயரமும் அப்படித்தான். கொத்தனார்கள் சமையல் மேடையை வழக்கமாக 32, 34 அங்குலத்தில் கட்டுகிறார்கள். காய் நறுக்க அது சரி. ஐந்தடி உயரமுள்ள அம்மா மேலிருந்து ஊற்ற 30 அங்குலம் போதும்.

ஜூன் 11, புதன்

மரம். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தியது அது. விளிம்பு மைக்கா லேசாக விட்டு, பால் ஒரு தரம் பொங்கி வழிந்தால் போதும், ஊதி உதிர ஆரம்பித்துவிடும். பக்கங்களுக்கும் முதுகுக்கும் 710 பிளைவுட். கடைக்காரர்கள் வாயில் '710' என்று புழங்குவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறியீடு. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதில் உள்ள சோதனை. நாம் யாரும் அலமாரியைக் கொதிக்க வைக்கப் போவதில்லை. ஆனாலும் ஈரம் படுகிற இடத்துக்கு அந்த உறுதி வேண்டும்.

சட்டத்துக்கும் கதவுக்கும் தேக்கு. புதுக்கோட்டையில் தாத்தா வீட்டை இடித்தபோது மாமா கொட்டகையில் போட்டு வைத்த நிலைச்சட்டங்கள் இருந்தன. பழைய மரமென்றாலே அறுவை மில்லில் முகம் சுளிக்கிறார்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணி ஒன்று போதும், ரம்பப் பட்டை போய்விடும். காந்தத்தை நூலில் கட்டிச் சட்டத்தின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போனேன். 'டக்'கென்று ஒட்டும் இடத்தில் சாக்பீஸால் வட்டம். பெயிண்டுக்குள் ஒளிந்திருந்த தலையில்லாத ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. குறடால் பிடுங்கிய பிறகுதான் மில்காரர் மரத்தைத் தொட்டார். இழைத்ததும் உள்ளே பொன்நிறம். இந்தக் கனத்தில் இப்படிக் காய்ந்த மரம் இன்று புதிதாக வாங்குவது சுலபமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தெருக்கோடி ஆசாரி ஐயா வந்தார். வேலை என்னுடையது, கண் அவருடையது.

"கோட்டு மேலயே அறுக்காதீங்க தம்பி. அரை நூல் வெளிய விடுங்க. மிச்சத்த இழைப்புளி பாத்துக்கும்."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். என் டேப்பில் மில்லிமீட்டரும் இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கதவுச் சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையை அதற்குள் செருகினோம். நான் ஃபெவிகால் டப்பாவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பலகை ஐப்பசி மழையில் அகலவாக்கில் ஊதும், சித்திரையில் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. காடிக்குள் பசை போட்டு இறுக்கினால் போக்கிடமில்லாமல் வெடிக்கும். மூலைகளில் மட்டும் பசை. பலகை சும்மா உட்கார வேண்டும், இருபுறமும் ஒரு நூல் இடம் விட்டு. பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை. அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்காக ஓடுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மேல்பரப்பு பற்றி ஒரே விவாதம். முழுக்கத் தேக்கு என்பது என் ஆசை. பிரெஞ்சு பாலிஷ் அரக்கில் செய்வது. சுடச்சுட டவராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும். பி.யூ. பூச்சு கொஞ்சம் தாங்கும், ஆனால் டிகாஷன் சொட்டி இரவெல்லாம் கிடந்தால் எதுதான் தாங்கும்? ஆற்றுகிற இடத்தில் கிரானைட் கடையில் வெட்டிப்போட்ட துண்டு ஒன்று, மற்ற இடத்தில் மரம் என்று சமாதானம் ஆனது. கல்லின் விளிம்பு மரத்தைவிட ஒரு நூல் தாழ்வாக இருப்பதால் சிந்தியது கல்லோடு நிற்கும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பெரிய டப்பாவுக்கு இடம் விடவில்லை. வேண்டுமென்றே. இடம் இருந்தால் கிலோ கணக்கில் பொடி வாங்கத் தோன்றும். அரைத்த பொடியில் மணம் சீக்கிரம் போய்விடும். சிக்கரி கலந்ததென்றால் ஈரத்தை இழுத்துக் கட்டியும் தட்டும். கால் கிலோ டப்பாவுக்கு மட்டும் ஓர் அறை, அதுவும் அடுப்புக்கு எதிர்ப்பக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

அலமாரி இடத்தில் ஏறிவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, பின்கால்களுக்கு ரப்பர் கட்டை கொடுத்தோம். தரை வாசல் பக்கம் வாட்டம். மேல்தட்டுக்குக் கதவில்லை. ஒரு கையில் பால் பாத்திரம், ஒரு கையில் ஃபில்டர் இருக்கும்போது எந்தக் கையால் திறப்பது என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஃபில்டர், டவரா, சர்க்கரை எல்லாம் குடியேறிவிட்டன. பொடிக்கு மட்டும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. பக்கத்து வாசனையை எல்லாம் காப்பிப்பொடி இழுத்துக்கொள்ளும், பாலிஷ் நெடி அடங்கட்டும் என்கிறார். தினமும் கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். இன்றைக்கும் "ம்ஹூம்" தான்.

சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வலப்பக்கம் மேல இவ்வளவு எடத்த ஏன் சும்மா விட்டீங்க? மிக்ஸி வைக்க ஒரு பலகை அடிச்சிருக்கலாமே."

அம்மா பதில் சொல்லாமல் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி ஆற்ற ஆரம்பித்தார்.