சித்திரை வைகாசியில் இரணைமடுக் குளம்

வன்னி என்றதும் காடும் வயலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த வயல்களுக்கு உயிர் கொடுப்பவை குளங்கள். குளத்து நீரை நம்பி விவசாயிகள் மட்டுமன்றி, மீன் பிடிக்கும் குடும்பங்களும் மீன் விற்கும் பெண்களும் வாழ்கின்றனர். இதை நேரில் காண விரும்பும் சகோதரிகள் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒருமுறை இரணைமடுவுக்குப் போய் வரலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வருவோர் கிளிநொச்சி நகரைத் தாண்டித் தெற்கே வந்து, இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்ப வேண்டும். கனகாம்பிகை அம்மன் கோயிலுக்கு அருகே குளம் விரிந்து கிடக்கின்றது. 'இரணை' என்றால் இரட்டை. இரண்டு மடுக்கள் சேர்ந்த இடம் என்பதால் இப்பெயர் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கிய வேலை 1920 இல் நிறைவு பெற்றது. பின்னர் பல தடவைகள் கட்டு உயர்த்தப்பட்டது. இறுதியாகப் புனரமைக்கப்பட்டு 2018 டிசெம்பரில் மீண்டும் திறந்து வைக்கப்பட்டது. இன்று 36 அடி வரை நீரைத் தேக்கலாம்.

நீர் இறங்கும் காலம்

மாரி மழையில் நிறைந்து வான் பாய்ந்த குளம், சிறுபோகத்துக்குத் துருசு திறந்ததும் மெல்ல இறங்கத் தொடங்கும். எத்தனை ஏக்கர் விதைப்பது, எவ்வளவு நீர் விடுவது என்பதைச் சிறுபோகக் கூட்டத்தில் பேசித் தீர்மானிப்பார்கள். அந்தக் கணக்கு நெல்லுக்கானது. ஆனால் அதே நீருக்குள்தான் மீனும் இருக்கின்றது.

நாங்கள் போனது வைகாசித் தொடக்கத்தில். அலைகரைப் பக்கம் நீர் வற்றிய இடங்களில் ஈரச் சேறு தெரிந்தது. அந்தச் சேற்றில் வட்டம் வட்டமாகச் சிறு குழிகள். மாடு மிதித்த தடம் என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் அவை திலாப்பியா மீனின் ஆண் கரையோர ஆழமற்ற நீரில் வாயாலும் வாலாலும் தோண்டிய கூடுகள்.

இந்த மீன் 1952 இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு நமது குளங்களில் விடப்பட்டது. சில ஊர்களில் யப்பான் மீன் என்பார்கள். இன்று நன்னீர் மீன்பிடியில் முதலிடம் இதற்கே. இதன் பெண் மீன் முட்டைகளைக் குழியில் விட்டுவிட்டுப் போவதில்லை. அவற்றை வாயில் எடுத்து, குஞ்சு பொரிந்து தானாக நீந்தும் வரை வாய்க்குள்ளேயே காக்கின்றது. அந்த நாட்களில் பெரும்பாலும் இரையும் எடுப்பதில்லை. விரால் வேறு விதம். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே நீந்த, தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும்.

காற்றுக்கு முன் எழ வேண்டும்

இக்காலத்தில் நடுப்பகல் வெயில் கடுமை. மேல் நீர் சூடேறியதும் மீன் ஆழத்துக்குப் போய்விடும். மாலையும் விடியற்காலையும்தான் கரையோரம் இரை தேடி வரும். ஆகவே மாலையில் வலை விட்டு, விடியும் முன் எடுக்கின்றார்கள். வலையைச் சுவர்போல் நீரில் நிறுத்துவார்கள். கண்ணுக்குள் தலையை நுழைக்கும் மீன் செவுளில் சிக்கிவிடும். பட்ட மரக்கட்டைகள் நிற்கும் இடங்களில் மீன் உண்டு, ஆனால் வலை கிழியும். எந்தக் கட்டை எங்கே நிற்கின்றது என்பதைக் கைரேகை போல் அறிந்தவர்களே அங்கு வலை விடுவார்கள்.

சித்திரையில் பின்னேரங்களில் இடி மின்னலுடன் மழை வரும். திறந்த நீர்ப்பரப்பில் வள்ளத்தில் இருப்பவருக்கு மின்னல் பெரும் ஆபத்து. முகில் கறுத்தாலே கரைக்கு வந்துவிட வேண்டும். வைகாசி பிறந்தால் சோளகக் காற்று. குளத்தின் கட்டு வடக்கே இருப்பதால், தென்மேற்கிலிருந்து வரும் காற்று நீண்ட நீர்ப்பரப்பைக் கடந்து அலைகளை நேரே கட்டில் கொண்டுவந்து மோதும். சிறு வள்ளத்தில் துடுப்பு வலிப்பவருக்கு அது சோதனை.

“காத்து எழும்ப முந்தி வலையை எடுத்திட வேணும் அக்கா. எழும்பினால் பிறகு வள்ளத்தைத் திருப்பேலாது” என்றார் கரையில் கணவருக்காகக் காத்திருந்த ஒரு தங்கை. பனி ஈரம் காயுமுன் அவர் எழுந்து வந்திருந்தார். மீனைக் கழற்றுவது, தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது, விற்றுப்போகாததைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்குவது எல்லாம் அவரது வேலை.

கண் சிறுத்தால் குளம் வெறுமையாகும்

நீர் இறங்க இறங்க மீன் ஓரிடத்தில் ஒடுங்கும். பிடிப்பது இலகுவாகும். ஆசையும் கூடும். சிறிய கண் வலையை இறக்கினால் ஒரே இரவில் கூடை நிறையும். ஆனால் அதில் பாதி இன்னும் முட்டையிடாத மீன். உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்றிமீற்றரிலும் குறைந்த கண்ணுடைய வலைகளைப் பாவிப்பது சட்டப்படி தடை. சிறிய மீன் அக்கண்ணால் தப்பிப் போய், வளர்ந்து, ஒருமுறையேனும் குஞ்சு விட வேண்டும் என்பதே நோக்கம்.

சட்டம் இருந்தாலும் இருட்டில் விடும் வலையின் கண்ணை யார் அளப்பது? இந்தக் கேள்விக்குக் கரையில் மீன் வாங்கி ஊருக்குள் விற்கும் ஒரு அம்மாவிடம் பதில் இருந்தது. போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் எத்தனையோ பெண்களில் அவரும் ஒருவர். “சின்ன மீன் நான் எடுக்கிறேல்லை பிள்ளை. இண்டைக்கு எடுத்தால் நாளைக்கும் அதைத்தான் கொண்டு வருவினம். ஆவணியிலை நான் எதை விக்கிறது?” என்றார். ஒரு நாள் இலாபத்தை விட்டுக்கொடுப்பது அவருக்கு இலகுவல்ல. அவரிடம் மூன்று பிள்ளைகளின் பாடசாலைச் செலவு காத்திருக்கின்றது. ஆயினும் அவர் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நாமும் செய்யக்கூடியவை

வலை ஆண்களின் கையில் இருந்தாலும் கூடையும் சட்டியும் பெரும்பாலும் எமது கையில்தான் இருக்கின்றன. சந்தையில் உள்ளங்கையளவு மீன் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்வோம். கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், சதை அழுத்தினால் மீண்டு எழுவதாகவும் உள்ள வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குவோம். குளத்து மீனில் சேற்று வாடை என்று ஒதுக்குவோரும் உண்டு. வயிற்றின் உட்புறம் உள்ள கறுப்புத் தோலை முற்றாகச் சுரண்டி எடுத்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசிச் சற்று நேரம் வைத்துக் கழுவினால் அந்த வாடை பெரும்பாலும் போய்விடும். பிறகு மிளகும் உள்ளியும் கூட்டிக் குழம்பு வைத்தால், கடல் மீன் விலை எட்டாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்ல புரதச்சத்து கிடைக்கும்.

குளத்தைப் பார்க்கப் போகும் சகோதரிகள் காலை ஆறு மணிக்கு முன் கட்டில் நிற்பது நல்லது. அலைகரையில் முதலை உண்டு. பிள்ளைகளை நீரோரம் விடக்கூடாது. பொலித்தீன் பைகளை அங்கு எறியாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். வரும்போது கரையிலேயே மீன் வாங்குங்கள். பெரிய மீனாகப் பார்த்து, பேரம் அதிகம் பேசாமல் வாங்குங்கள். சிறிய மீனை மறுக்கும் பெண்ணின் கூடை அதனால் நிறையுமானால், அடுத்த ஆண்டும் அந்தக் குளத்தில் மீன் இருக்கும்.