ஊருணியில் இறங்கிய கால்

இராமநாதபுரத்துச் சீமையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் நினைவுக்கு வருவது ஆறு அன்று, ஊருணிதான். மழை நீரைத் தேக்கி வைத்துக் கோடை முழுவதும் குடிக்கும் இந்த ஏற்பாட்டில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் அதே படித்துறை வழியாக ஒரு காலத்தில் வீட்டுக்குள் நுழைந்த துன்பத்தை இன்றைய பிள்ளைகள் அறியார்கள். வகுப்பில் ஒரு நாள் நரம்புச் சிலந்தி என்றோம். "எட்டுக்கால் பூச்சியா, ஐயா?" என்று கேட்டான் ஒரு பையன். சிலந்தி என்பது இங்கே பூச்சியன்று, புண்.

நீரில் ஸைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிர் உண்டு. உற்றுப் பார்த்தால் வெண்பொட்டாகத் தெரியும். புழுவின் குஞ்சு அதனுள்ளே வளரும். இதனை 1870-இல் துருக்கிஸ்தானத்தில் கண்டு சொன்னவர் பெட்செங்கோ என்ற ருஷ்ய விஞ்ஞானி. அந்நீரைக் குடித்தவருக்கு அன்று ஒன்றும் நேராது. ஏறக்குறைய ஒரு வருஷம் சென்ற பின் காலில் கொப்புளம் எழும்பி உடையும். இரண்டு மூன்றடி நீளமுள்ள பெண்புழு தலை நீட்டும். அதனைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓரிரு விரற்கடை இழுக்க வேண்டும். அறுந்தாலோ சீழ் வைத்துக் கால் முடங்கும். உழவு வேளையில் வீட்டுத் தலைவன் பாயில் கிடந்தால் குடும்பத்தின் கதி என்ன?

நெருப்பாய் எரியும் காலைத் தண்ணீரில் வைக்காமல் யாரால் இருக்க முடியும்? வைத்த கணமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். ஒருவன் தேடிய ஆறுதல் அடுத்த வருஷம் ஊராருக்கு நோயாகும். அவனைக் குற்றம் சொல்வது நியாயமன்று.

இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை கிணறுகள். யாத்ரிகர் அவற்றில் இறங்குவதில்லை. வாளியால் இறைத்து அவர் தலையில் ஊற்றுகிறார்கள். பெரியோர் இந்நோயை எண்ணித்தான் அவ்வாறு வகுத்தனர் என்று சாதிக்க நாம் துணியோம். ஆனால் தடுக்கும் வழி அதுவேதான்: கால் நீரிடம் போகலாகாது, நீர்தான் காலிடம் வர வேண்டும்.

இதற்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 1984-இல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில், 12,840 கிராமங்களில், 39,792 பேர் இந்நோயால் வருந்தியதாகக் கணக்கெடுத்தார்கள். பிறகு ஊழியர்கள் வீடு வீடாய் நோயாளியைத் தேடிச் சென்றார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, நீர்நிலையில் இறங்காதிருக்கச் சொன்னார்கள். படிக்கிணறுகளை இறைகிணறுகளாக்கினார்கள், கைப்பம்புகள் வந்தன, நீரில் டெமிபாஸ் மருந்து கலந்தார்கள், துணியால் வடிகட்டக் கற்பித்தார்கள். பாமரருக்கு இதெல்லாம் விளங்காது என்று பட்டணத்தார் சொல்வதுண்டு. நன்றாகவே விளங்கிற்று. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானத்து ஜோத்பூர் ஜில்லாவில் காணப்பட்டார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் நமக்கு நற்சான்று அளித்தது.

1986-இல் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேரை வருத்திய புழு, 2023-இல் 14 பேரிடமே காணப்பட்டது. எனினும் ஆப்பிரிக்காவின் சாட் தேசத்தில் நாய்களிடம் குடியேறி, வைத்தியர்களை இன்னும் அலைக்கழிக்கிறது.

நம் பக்கத்தில் இப்போது காவேரி நீர் குழாயில் வருகிறது. வராத நாட்களும் உண்டு. அன்றைக்குப் பெண்கள் பழைய வேட்டியை நாலாய் மடித்துக் குடத்தின் வாயில் கட்டிக்கொண்டு ஊருணிக்குத்தான் போகிறார்கள். ஏன் கட்டுகிறீர்கள் என்று வினவினோம். "மாமியார் கட்டினாங்க, நாங்களும் கட்டுறோம்" என்றார் ஓர் அம்மாள்.