மரை இறுகிய குழல்

துப்பாக்கி என்பது இலங்கைத் தமிழருக்கு ஏட்டில் வருகின்ற சொல்; வாயில் வருவது துவக்கு. இரண்டுமே துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய பழஞ்சொல்லின் வழிவந்தவைதாம். சிங்களவரும் 'துவக்குவ' என்றே சொல்கின்றனர். முப்பதாண்டு காலம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாட்டில், சுட்ட பொருளுக்கு மட்டும் இரு மொழியிலும் ஒரே பெயர். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் துவக்கின் சத்தத்தைப் பற்றி எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இன்று எழுத எண்ணியது சத்தத்தைப் பற்றியன்று. துவக்குக் குழலின் நுனியிலும் அடியிலும் இருக்கும் மரையைப் பற்றி.

மரை என்றால் திருகுப் புரி. சற்றுக் குழம்பியவரை 'மரை கழன்றவன்' என்று கேலி செய்வது நம் வழக்கம். ஆனால் எந்தப் பட்டறையிலும் கேட்டுப் பாருங்கள்: கழன்ற மரையால் வரும் தொல்லையைவிட இறுகிய மரையால் வரும் தொல்லையே பெரிது. இரும்பு துருவாக மாறும்போது, தான் முன்பிருந்த இடத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் கேட்கும். மரைக்குள் அவ்வளவு இடம் ஏது? துரு இரு பக்கமும் நெருக்கி, இரண்டு இரும்பையும் ஒன்றாக்கிவிடும்.

இக்கால ரைபிள்களில் இந்தத் தொல்லை குழல் வாயில் வருகிறது. ஒலியடக்கி பூட்டுவதற்காக ஓர் இடைத்துண்டைக் குழலின் நுனியில் மரையில் ஏற்றி இறுக்குவார்கள். சுடச்சுடக் கரி படிந்து அது கல்லாகிவிடும். போதாததற்கு, கழலாதிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பசையும் இட்டிருப்பார்கள். அந்தப் பசைகளிலும் இரு சாதி உண்டு. ஒருவகை, ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பம் காட்டினால் இளகும். ராக்செட் என்ற இன்னொரு வகை ஆயிரம் பாகையையும் தாங்கும். ஆனால் நீரில் ஊறவைத்தால் விட்டுக்கொடுக்கும். எது இட்டிருக்கிறது என்று அறியாமல் நெருப்பைக் காட்டுகிறவன் குழலைத்தான் கெடுப்பான். இறுகியதைக் கழற்றப் புகுமுன், எதனால் இறுகியது என்று கேட்க வேண்டும் என்பது தொழிலின் முதற் பாடம்.

ஒலியடக்கியை அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் காப்புரிமை பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். இயந்திரத் துப்பாக்கியை உலகுக்குத் தந்த ஹைரம் மாக்சிம் அவருடைய தந்தை. தந்தை சத்தத்தைப் பெருக்கினார். மகன் அதை அடக்க வழி தேடினார். வெடித்தெழும் வாயுவை அறை அறையாகச் சுழலவிட்டு, மெல்ல வெளியேற்றுவதுதான் சூத்திரம். அதே சூத்திரம் இயந்திரங்களின் புகைக்குழாய்க்கும் பொருந்தியது. நம் ஊரில் 'சைலன்சர்' என்றதும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் நினைவுக்கு வருவதில் பிழையொன்றும் இல்லை. கண்டியில் எந்தக் கராஜிலும் சைலன்சரின் ஆணி கழலாமல் ஒருவர் வியர்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

குழலும் மரையும் சேர்ந்த கதை இதைவிடப் பழையது. 1543இல் போர்த்துக்கேயர் சிலர் ஜப்பானின் தானெகாஷிமா தீவில் இறங்கினார்கள். தீவின் தலைவன் அவர்களிடமிருந்து இரண்டு துவக்குகளை வாங்கித் தன் கொல்லனிடம் கொடுத்து, இதுபோல் செய் என்றான். வாள் வடிப்பதில் கைதேர்ந்தவன் அந்தக் கொல்லன், குழலை அடித்துவிட்டான். குழலின் அடிப்பகுதியை மூடும் மரைதான் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆணியில் புரி வெட்டலாம். குழலின் உள்ளே எப்படி வெட்டுவது? மறு ஆண்டு வந்த கப்பலில் இருந்த ஒரு போர்த்துக்கேயக் கொல்லனிடம் கற்ற பிறகே வேலை முடிந்தது என்று, 1606இல் எழுதப்பட்ட ஜப்பானிய நூலொன்று சொல்கிறது. மரையைக் கற்பதற்குக் கொல்லன் தன் மகளையே அந்நியனுக்கு மணமுடித்துக் கொடுத்தான் என்றும் அத்தீவில் ஒரு கதை வழங்குகிறது. கதையை விடுவோம், ஒரு மரையின் விலை என்னவென்று அது சொல்கிறதல்லவா?

நமக்கும் துவக்கைக் கொண்டுவந்தவர்கள் அதே போர்த்துக்கேயர்கள்தாம். கோவாவின் வழியாக வந்த அந்தக் கலையைக் கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் விரைவாகவே தம்முடையதாக்கிக்கொண்டார்கள். உலகின் பெரும்பாலான பழந்துவக்குகளில் சுடும் பொறி வலப்புறத்தில் இருக்கும். சிங்களத் துவக்கில் அது இடப்புறத்தில் இருக்கும். அடிக்கட்டை இரு சுருளாகப் பிரிந்து வளையும். பேராதனைக்கு எதிர்க்கரையில் உள்ள கன்னொருவையில் 1638இல் போர்த்துக்கேயப் படை அழிந்தபோது அத்தகைய துவக்குகள் அங்கே முழங்கியிருக்கும்.

இந்தக் கலையின் பெருமைக்குச் சான்று அண்மையில் கடல் கடந்து திரும்பியது. 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுபோன லெவ்கே பீரங்கியும், வாள்களும், கத்தியும், இரு பெரிய துவக்குகளும் 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொழும்பு தேசிய அரும்பொருட்சாலைக்கு மீண்டன. பீரங்கியைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்த இரு துவக்குகளைப் பற்றி எழுதியவர் குறைவு.

அந்தக் காலத்துக் கொல்லர் எப்படி வாழ்ந்தனர் என்பதை 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட தம் நூலில் பதிந்திருக்கிறார். கொல்லர் தம் முக்காலியில் கம்பீரமாக அமர்ந்திருப்பார். கையில் சிறு சுத்தியல் மட்டும். வேலை கொண்டுவந்தவரே துருத்தி ஊத வேண்டும். பெருஞ் சம்மட்டி தூக்கி அடிப்பதும் அவரே. கொல்லர் இடையிடையே சிறு சுத்தியலால் தட்டி உருவம் கொடுப்பார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் எங்கே அடிக்க வேண்டும், எப்போது அடிக்கக் கூடாது என்ற அறிவு அந்தச் சிறு சுத்தியலில்தான் இருந்தது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நேரில் கண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவரிடம் அவருடைய பாட்டனாரின் துவக்கு இருந்தது. வாய்வழியே மருந்திட்டுத் திணித்து, பின்னால் தொப்பி வைத்துச் சுடும் பழைய வகை. தோட்டத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்காக வாங்கியது. 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமும் தலைமுறை மாறிப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அதை இனிச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து, சுவரில் நினைவுப் பொருளாக மாட்ட வேண்டும் என்பது நண்பரின் விருப்பம். அதற்குக் குழலின் அடிமரையைக் கழற்ற வேண்டும். அது அசைய மறுத்தது. கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கம்மாலைக்கு இருவரும் எடுத்துச் சென்றோம்.

கம்மாலைக்காரர் எழுபதைத் தாண்டிய சிங்களவர். ஊரார் 'பாஸ் உன்னஹே' என்று அழைத்தனர். நாங்களும் அப்படியே அழைத்தோம். உலை எரிந்துகொண்டிருந்தது.

"நல்லாச் சூடு காட்டினால் கழன்றுவிடுந்தானே, பாஸ் உன்னஹே?" என்றார் நண்பர்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. நேரான மூங்கிற் குச்சி ஒன்றை எடுத்துக் குழல் வாய்க்குள் மெல்ல இறக்கினார். முட்டிய இடத்தில் வாயோரமாகக் குச்சியில் கரிக்கோடு போட்டார். குச்சியை வெளியே எடுத்து, குழலுக்கு வெளிப்புறமாக, கோடு வாயோடு ஒத்திருக்கும்படி வைத்தார். குச்சியின் முனை அடிமரைக்கு வந்து சேரவில்லை. நான்கு விரல் அகலம் குறைந்தது.

"சேர், இதுக்கு நெருப்புக் காட்ட ஏலாது," என்றார் தம் மலைநாட்டுத் தமிழில். "வயித்துக்குள்ள சாப்பாடு இன்னும் இருக்கு."

நண்பரின் முகம் வெளிறியதை நான் கண்டேன். அந்தத் துவக்கு அவர் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் எத்தனையோ ஆண்டுகள் சாய்ந்து நின்றது. பிள்ளைகள் அதைத் தூக்கிச் 'சிப்பாய் விளையாட்டு' ஆடியிருக்கிறார்கள். பிறகு அவர்களின் பிள்ளைகளும். கரிமருந்துக்கு முதுமை கிடையாது. ஈரம் புகாதவரை அது நூறாண்டுக்குப் பின்னும் தீப்பற்றும். இரும்பு சிவப்பேறுவதற்கு முன்பே பற்றிவிடும். உலையில் வைத்திருந்தால் வாய்ப்புறம் நின்றவர், பின்புறம் நின்றவர் என்ற பேதம் இருந்திராது.

பெரியவர் துவக்கை வெளியே கொண்டுபோய், வாய் மண்திட்டைப் பார்த்திருக்கும்படி கிடத்தினார். பின்னர் ஒருவரும் குழல் வாய்க்கு நேரே வராதபடி ஒதுங்கி நின்று, அதைச் சற்று நிமிர்த்தி நீர் வார்த்தார். நண்பர் பொலிசுக்குத் தெரிவித்தார். இரண்டு நாள் ஊறிய பிறகு, விவரம் அறிந்தவர் வந்து திருகுமுனைக் கம்பியால் உள்ளிருந்ததை இழுத்தெடுத்தார். முதலில் தென்னந்தும்பு, பின்னர் ஈயக் குண்டுகள், மறுபடியும் தும்பு, கடைசியில் கருஞ்சேறு.

யார் திணித்தது? பாட்டனார் இறந்தது 1990களின் தொடக்கத்தில். அதற்குப் பிறகு அதைச் சுட்டவர் இல்லை. பன்றிக்காகத் திணித்து, பன்றி வராமற் போயிருக்கலாம். ஆனால் நண்பர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு வேறொன்றைச் சொன்னார். 1971 ஏப்ரலிலும், பின்னர் 1987 முதல் 1989 வரையிலும் துவக்கு உள்ள வீடுகளைத் தேடி இரவில் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் போனபின், துவக்கைக் கொடுத்தது ஏன் என்று கேட்டு வேறு ஆட்கள் வந்தார்கள். பாட்டனார் துவக்கை மச்சில் ஒளித்துவிட்டுக் கதவோரம் பாயை விரித்துப் படுத்த நாட்கள் அவை. 1983 ஆடிக்குப் பின்னும் அப்படித்தான் படுத்தார் என்று நண்பரின் தாயார் சொல்வாராம். எந்த இரவுக்காக அந்த மருந்து திணிக்கப்பட்டது, யாரை எதிர்பார்த்து, என்பதைச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

அடிமரை பிறகு நெருப்பில்லாமலே கழன்றது. மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து பதினொரு நாள் ஊறவிட்டார் பெரியவர். காலையிலும் மாலையிலும் மரையைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டினார். அந்த அதிர்வில்தான் எண்ணெய் துருவுக்குள் இறங்கும். குழல் முறுக்கிக்கொள்ளாதிருக்க, மரைக்கு மிக அருகில் மரக்கட்டைகளுக்கிடையே வைத்து இறுக்கினார். முதலில் கழற்றும் பக்கம் திருப்பவில்லை; மயிரிழை அளவு மேலும் இறுக்கினார். துருவின் பிடி உடைந்த பிறகே எதிர்ப்புறம் திருப்பினார். வெளியே வந்த மரையின் புரிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, கையால் அராவியவை. பிரித்தானியப் பொறியியலாளர் ஜோசப் விற்வர்த் 1841இல் மரைகளுக்குப் பொது அளவு வகுத்தார். அதற்குப் பின்னரே ஓர் ஊரின் ஆணி இன்னோர் ஊரின் சுரைக்குப் பொருந்தும் காலம் வந்தது. இந்த மரையோ உலகில் இந்த ஒரு குழலுக்கே பொருந்தும்.

வாசகர்களில் எவர் வீட்டிலாவது இப்படியொரு பழந்துவக்கு இருக்குமானால், ஒரு வேண்டுகோள். வெறுங்குழல் என்று நம்பாதீர்கள். குச்சியிட்டு அளக்கவும் நீங்களே முனையாமல் பொலிசுக்குச் சொல்லி, தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். இறுகியிருந்தால் நெருப்பை நாடாதீர்கள்.

இந்த நாட்டில் இறுகிப்போன பலவற்றைக் கழற்றுவதற்குப் பெரிய சம்மட்டிகளோடு பலர் வந்ததை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். குச்சியோடு வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் அளந்து பார்த்தவரை அந்தக் கம்மாலையில்தான் கண்டேன். அவர் கூலியாகக் கேட்டது எண்ணெய்க்கான காசு மட்டுமே. அளந்து பார்த்ததற்குக் காசு வாங்குவதில்லை என்றார்.