எல்ஜினில் ஓர் அண்ணாச்சி கடை

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே எல்ஜின் என்று ஒரு ஊர். அபர்தீனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஊரில் பிரம்மாண்டமான கதீட்ரல் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது. 1390ல் 'பேடனாக்கின் ஓநாய்' என்று பேர் வாங்கின பிரபு ஒருத்தன், பிஷப் மேல் இருந்த கடுப்பில் அதைக் கொளுத்திவிட்டுப் போனான். திரும்பக் கட்டினார்கள், பிற்பாடு அதுவும் பாழாய்ப் போயிற்று. வந்தவர்கள் எல்லாம் அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, நானும் அபர்தீன் எண்ணெய்க் கம்பெனியில் குப்பை கொட்டும் என் காலேஜ் நண்பனும் வேறு க்ஷேத்திரம் தேடி வந்திருந்தோம். (காரை வீட்டிலேயே விட்டுவிட்டு. 2014ல் ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பை இங்கிலாந்தைவிடக் கடுமையாக்கிவிட்டார்கள்.)

க்ஷேத்திரம் என்றது ஒரு மளிகைக் கடையின் கதையை. 1895ல் இந்த ஊர் சவுத் ஸ்ட்ரீட்டில் 'கார்டன் அண்ட் மெக்ஃபெயில்' ஆரம்பித்தபோது டீ, சர்க்கரை, பலசரக்கு, கூடவே விஸ்கி. துவரம்பருப்புக்குப் பக்கத்தில் பீப்பாயா என்று வாயைப் பிளக்காதீர்கள். ஜானி வாக்கரே கில்மார்னக் ஊர் மளிகைக்காரர்தான். ஆலைகள் காய்ச்சுவதோடு சரி. பாட்டில், லேபிள் சமாசாரமெல்லாம் பெரும்பாலும் கடைக்காரர்கள் பாடு. வாக்கர் வகையறா பல ஆலைச் சரக்கைக் கலந்து 'பிளெண்ட்' பண்ணி உலகம் பூரா விற்றார்கள். துபாய் மாமா டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்து, யாருக்கும் ஊற்றாமல் ஷோகேஸில் வைத்திருப்பாரே, அநேகமாக அந்த ரகம்.

எல்ஜின் கடைக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சொந்தப் பீப்பாயை ஆலைக்கு அனுப்பி, புதுசாய்க் காய்ச்சினதை நிரப்பி வாங்கி, வருஷக்கணக்கில் ஊறப்போட்டு, எதோடும் கலக்காமல் ஆலையின் பேர் போட்டுத் தங்கள் லேபிளில் விற்றார்கள். 1968ல் 'கானஸர்ஸ் சாய்ஸ்' என்று ஒரு வரிசையே ஆரம்பித்தார்கள். பல ஆலைக்காரர்களுக்குத் தங்கள் மால்ட்டைத் தனியாக விற்கலாம் என்றே தோன்றாத காலம் அது. இப்படி விற்பவர்களுக்குத்தான் 'இண்டிபெண்டன்ட் பாட்லர்' என்று பேர். இவர்களிலேயே மூத்தது கேடன்ஹெட், 1842.

ஊர் ஓரத்திலேயே லிங்க்வுட் ஆலை. 1821ல் ஆரம்பித்தது. இதன் சரக்கு பெரும்பாலும் பிளெண்டுக்கே போய்விடுவதால், லிங்க்வுட்டைத் தனியாக ருசிக்கணும் என்றால் அநேகமாக யாராவது இண்டிபெண்டன்ட் போட்ட பாட்டிலைத்தான் தேடணும். 1930களில் இங்கே மேனேஜராக வந்த ரோடரிக் மெக்கன்சி, எதை மாற்றினாலும் ருசி கெட்டுவிடும் என்று ஆலையில் சிலந்தி வலையைக்கூடக் கலைக்க விடமாட்டாராம். (ஆபீஸ் ஃபைல் அலமாரிக்கும் இதே காரணத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.)

சாயங்காலம் ஒரு சின்ன பார். ரெண்டு லிங்க்வுட் சொன்னோம், ரெண்டும் வேறு வேறு கம்பெனி போட்டது. ஒன்று 12 வருஷம், அமெரிக்க போர்பன் இருந்த பீப்பாயில் ஊறினது. மற்றது 25 வருஷம், ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய். தலா 25 மில்லி. நம்ம ஊர் பெக் பழகின கண்ணுக்குக் கண் சொட்டு மருந்து மாதிரி இருந்தது. இதை மடக்கென்று ஊற்றிக்கொள்ளக் கூடாது. முதலில் மூக்கு, அப்புறம் நாக்கு, அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். சோடா கேட்டால் பார்க்காரர் பேச்சை நிறுத்திவிடுவார்.

பன்னிரண்டு, கோரைப்பாய் நிறம். மூக்கில் நறுக்கின பச்சை ஆப்பிள். பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே, 57 சதவிகிதத்தில் பாட்டிலில் அடைத்தது என்பதால் முதல் வாய் சுரீரென்றது. தண்ணீர் விட்டதும் கோபம் தணிந்து, எங்கிருந்தோ சம்பங்கி வாசனை. இருபத்தஞ்சு, ஃபில்டர் டிகாக்ஷன் நிறம். பேரீச்சை, உலர்ந்த திராட்சை, கிராம்பு, தாத்தா வீட்டு பீரோ. நல்லாத்தான் இருக்கு. ஆனால் லிங்க்வுட் எங்கே? மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையையே காணோம்!

வருஷக்கணக்காய் மீன்குழம்பு கொதித்த மண்சட்டியில் வத்தக்குழம்பு வைத்துப் பாருங்கள், மீன் எட்டிப் பார்க்கும். அதேதான். போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருதரம் உபயோகித்ததை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கி வந்துவிடுகிறார்கள். அது அடக்கமான சட்டி, ஆலையைப் பேச விடும். ஷெர்ரி அப்படியல்ல. பாவம் மெக்கன்சி, சிலந்தியைக் காப்பாற்றி என்ன புண்ணியம்?

"டேய், இருபத்தஞ்சுக்கு ரெண்டரை மடங்கு விலை தெரியுமா?" என்றான் நண்பன். அவனுக்கு அதுதான் பிடித்தது.

"விலை நாக்குக்குத் தெரியாதுடா."

வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிவிடும். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். 25 வருஷத்தில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம். தேவதைகள் குடித்ததற்கும் சேர்த்து நாம்தான் பில் கட்டணும்.

எல்லா ஆலையும் பேரைக் கொடுத்துவிடாது. சில ஆலைகள் விற்கும்போதே ஒரு டீஸ்பூன் வேறு ஆலை விஸ்கியை ஊற்றிவிடும். அந்த ஒரு ஸ்பூனில் அது சட்டப்படி சிங்கிள் மால்ட் இல்லை என்றாகி, பேர் போட முடியாது. கிளென்ஃபிடிக் இந்த வேஷத்தில் 'வார்ட்ஹெட்' என்று உலாவும். 1983ல் லீத்தில் ஆரம்பித்த ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி, லேபிளில் நம்பர் மட்டும்தான் போடுகிறது. அந்தக் காலத்து மாமிகள் புருஷன் பேரைச் சொல்லாமல் 'அவர்' என்பார்களே, அப்படி. ஒன்றாம் நம்பர் கிளென்ஃபார்க்லஸ் என்று ஊருக்கே தெரியும்.

பார்க்காரர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். 2024லிருந்து மற்ற ஆலைகளில் பீப்பாய் நிரப்புவதில்லை என்று 2023ல் கார்டன் அண்ட் மெக்ஃபெயில் அறிவித்துவிட்டது. இனிமேல் சொந்த ஆலைகளோடு சரி. கிடங்கில் இருப்பது இன்னும் பல வருஷங்களுக்கு வரும், நிஜம்தான். 1940ல் தாத்தா காலத்தில் நிரப்பின கிளென்லிவெட்டை 80 வயசில், 2021ல் வெளியிட்டவர்கள். இருந்தாலும் எனக்கு என்னவோ போலிருந்தது. ரோஸ்பேங்க் ஆலையை 1993ல் மூடினார்கள். 2023ல் மறுபடி காய்ச்சும்வரை, அந்த ருசி உயிரோடிருந்தது மிச்சப் பீப்பாய்களில்தான். அதில் கணிசமானது இந்த மாதிரி கடைக்காரர்கள் கையில்.

"இந்தப் பன்னிரண்டு எங்கே கிடைக்கும்?" என்றேன்.

"ஒரே பீப்பாய். முந்நூறு பாட்டில்கூடத் தேறவில்லை. கடைகளில் எல்லாம் தீர்ந்துவிட்டது."

"அடுத்த பீப்பாய் வராதா?"

"வரும். வேறு மாதிரி இருக்கும்."

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் ரெண்டு விரல் இருந்தது. அபர்தீனுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று நண்பன் பார்க்க ஆரம்பித்தான்.