தாமதம் மறுப்பன்று

இங்கிலாந்தில் சட்டம் பயில விண்ணப்பித்த பிள்ளை உங்கள் இல்லத்தில் உண்டா? லண்டனில் வாழும் என் லாத்தாவின் மகள் விண்ணப்பித்த ஆண்டில், தோழியருக்கு டிசம்பரிலேயே இடம் கிடைத்தது. அவள் பெரிதும் விரும்பிய பல்கலைக்கழகமோ மார்ச் வரை மௌனம் காத்தது. பாடநூலைத் தொடவும் மனமின்றிச் சோர்ந்து போனாள்.

நடைமுறையை அறிந்தால் இக்கலக்கம் நீங்கும். யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியே 5 இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் அக்டோபரிலேயே கெடு முடியும், மற்றவற்றுக்கு ஜனவரி. அக்கெடுவுக்குள் வந்தவை யாவும் சமமாகக் கருதப்பட வேண்டும் என்பது விதி. சில பல்கலைக்கழகங்கள் வந்த வரிசையிலேயே பதில் கூறும். போட்டி மிகுந்தவை, விண்ணப்பங்களை ஒருசேர வைத்து, மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரை ஆகியவற்றை ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்யும். சில, 2004இல் தொடங்கிய எல்நாட் என்னும் சட்ட நுழைவுத் தேர்வையும் கணக்கில் கொள்ளும்.

கிடைக்கும் இடமும் பெரும்பாலும் நிபந்தனைக்கு உட்பட்டதே. ஆகஸ்டில் வெளிவரும் தேர்வு முடிவே அதனை உறுதி செய்யும். "பதிலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ பாடத்தைப் பாரம்மா" என்று லாத்தா கூறிய சொல்லில் எத்துணை உண்மை!

பெற்றோர்களே! காத்திருக்கும் மாதங்களைக் கவலைக்குக் கொடுக்காமல் கல்விக்குக் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.